நாற்பத்துமூன்று வயதில் ஆங்கில இலக்கியம் படிப்பது எப்படி

சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, நாங்கள் சில தாய்மார் காருக்குள் இருந்து தேத்தண்ணி குடிப்போம். நான் பட்டம் எடுத்த கதை அங்கே எப்படியோ பரவிவிட்டது. இப்போது மாதத்துக்கு ஒருவராவது பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அக்கா, என்னாலையும் ஏலுமோ?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் இலங்கையில், யாழ்ப்பாணத்து வடமராட்சியில் படித்தவள். 1993இல் உயர்தரம், கலைப்பிரிவு: தமிழ், இந்து நாகரிகம், புவியியல். ஆங்கிலத்தில் எனக்குக் கிடைத்தது வெறும் சாதாரண சித்தி. 1998இல் லண்டன் வந்தேன். 2017 ஒக்டோபரில், வீட்டிலிருந்தே படிக்கும் தொலைக்கல்விப் பல்கலைக்கழகமான ஓப்பின் யூனிவர்சிற்றியில் 'ஆங்கில இலக்கியமும் படைப்பெழுத்தும்' என்ற பட்டத்துக்குச் சேர்ந்தபோது வயது 43. ஹரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழமைக்கு நாலு இரவு வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். 2023 ஜூனில் கடைசி ஒப்படையை (புள்ளிக்காக எழுதி அனுப்பும் வேலையை) அனுப்பினேன்.

எல்லோரும் பயப்படுவது இரண்டுக்கு: ஆங்கிலம் போதாது, நேரம் இல்லை. இரண்டையும் சமாளிக்கலாம். என்னை உண்மையாகவே திணறடித்தது வேறொன்று. கட்டுரை எழுதும்போது என் கருத்தை ஒளித்து வைத்தேன். கதை எழுதும்போது அதே கருத்தைப் போட்டு உடைத்தேன். இங்கே கேட்பது நேர்மாறு. இதைப் பிடிபட வைக்க எனக்கு மூன்று வருடம் ஆனது.

முதலில் சேர்கிற விஷயத்தை முடித்துவிடுவோம். ஓப்பின் யூனிவர்சிற்றி 1969இல் அரச சாசனம் பெற்றுத் தொடங்கியது. முதல் மாணவர்கள் 1971 ஜனவரியில் படிக்கத் தொடங்கினார்கள். ஒரு காலத்தில் அவர்களுடைய பாடங்கள் பிபிசியில் ஊர் உறங்கிய பிறகு போகும். இப்போது எல்லாம் இன்ரநெற்றிலும் வீட்டுக்கு வரும் புத்தகங்களிலும்தான். பெரும்பாலான பட்டங்களுக்கு முன்தகுதி கேட்பதில்லை என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம். என்னுடைய உயர்தரச் சான்றிதழ் எந்த இடப்பெயர்வில் தொலைந்தது என்று எனக்கே தெரியாது. ஒருவரும் கேட்கவில்லை.

பட்டத்துக்கு 360 கிரெடிற் (படிப்பை அளக்கும் அலகு). வருடத்துக்கு 120 எடுத்தால் மூன்று வருடம். 60 எடுத்தால் ஆறு வருடம். வேலைக்குப் போகிறவர்கள் 60க்கு மேல் தொடவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முதல் 120 கிரெடிற்றில் எடுக்கும் புள்ளிகள் பட்டத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் கணக்கில் வராது, சித்தியடைந்தால் போதும். அதனால் அந்த முதற்பகுதியைப் பிழை விடுவதற்கென்றே கிடைத்த காலமாக நினையுங்கள். கடைசி 120க்குத்தான் இரட்டைப் பெறுமதி.

காசு விஷயம்: இங்கிலாந்தில் வதிவிட உரிமையோடு மூன்று வருடமாவது இருந்தவர்கள் பகுதிநேரப் படிப்புக்கும் கட்டணக் கடன் கேட்கலாம். அதற்கு வயதெல்லை இல்லை. 2023 ஓகஸ்டுக்குப் பிறகு படிக்கத் தொடங்குபவர்கள், வருட வருமானத்தில் 25,000 பவுணுக்கு மேற்பட்ட பகுதியில் 9 வீதத்தைத் திருப்பிக் கட்டவேண்டும். அதற்குக் கீழே உழைத்தால் ஒன்றும் கட்டத் தேவையில்லை. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக இந்தக் கடன் கிடையாது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ எடுத்த பட்டமும் அதில் அடக்கம், கவனம். காசு கட்டுவதற்கு முன் ஓப்பின்லேர்ன் என்ற அவர்களுடைய இலவசத் தளத்தில் கதை எழுதப் பழகும் ஒரு சிறிய பாடத்தைச் செய்து பாருங்கள். இரண்டு கிழமையில் கொட்டாவி வந்தால் ஆறு வருடம் மிச்சம்.

நேரக் கணக்கு இது: ஒரு கிரெடிற்றுக்குப் பத்து மணித்தியாலப் படிப்பு என்று வைத்திருக்கிறார்கள். 60க்கு 600. ஒக்டோபரிலிருந்து ஜூன்வரை பரவினால் கிழமைக்கு 16 முதல் 18 மணித்தியாலம். கேட்கும்போது தலை சுற்றும். நான் அதை இப்படிப் பிரித்தேன். ஞாயிறு பகல் நாலு மணித்தியாலம், கதவைச் சாத்திக்கொண்டு. வேலையில்லாத மூன்று இரவுகளில் பிள்ளைகள் படுத்தபிறகு மும்மூன்று மணித்தியாலம். மிச்சம் வேலைக்குப் போகும் பஸ்ஸில், காதில் நாவலைப் போட்டுக் கேட்டபடி. கேட்பதும் வாசிப்புத்தான்; ஒரு முறை கேட்டுவிட்டால் பிறகு புத்தகத்தைத் திறக்கும்போது ஆட்களெல்லாம் தெரிந்தவர்களாக இருப்பார்கள். ஓகஸ்டில் பாட விபரம் பார்த்து, இருப்பதிலேயே தடித்த நாவலை ஒக்டோபருக்கு முன் முடித்துவிடுவேன். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுமே என்று வருந்தாமல் கதைச்சுருக்கத்தை முதலே வாசியுங்கள். யார் செத்தார் என்று பார்க்க நாங்கள் இதைப் படிக்கவில்லை.

வருடத்துக்கு ஐந்தாறு ஒப்படைகள் வரும். ஒவ்வொரு திகதியையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். ஒப்படைக் கிழமையில் குசினி என் மனுசனுடையது. முதல் வருடம் ஐந்து நாள் தொடர்ந்து முட்டைப் பொரியலும் பாணும் சாப்பிட்டோம். மூன்றாம் வருடம் அவர் றால் சொதி வைக்கப் பழகியிருந்தார். சுகமில்லை, வேலையில் மாட்டிக்கொண்டோம் என்றால் ரியூற்றருக்கு முதலே எழுதிக் கேட்டால் சில நாட்கள் தருவார். வருடக் கடைசி ஒப்படைக்கு அந்தச் சலுகை இல்லை.

சரி, ஆங்கிலம். எங்களுடைய கூச்சம் பெரும்பாலும் உச்சரிப்புப் பற்றியது. இந்தப் படிப்பில் புள்ளி முழுக்க எழுத்துக்குத்தான். உண்மையான தடை 19ஆம் நூற்றாண்டு நாவல்களின் வசனங்கள். ஒரு பந்தி முழுக்க ஒரே வசனமாக ஓடும். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும், அதற்காகக் காத்திருந்து பழகியவர்கள் நாங்கள். ஆங்கிலத்தில் யார், என்ன செய்தார் என்பது பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடும்; பிறகு வருவதெல்லாம் வால். நான் கடைசிவரை காத்திருந்து, கடைசிக்கு வந்தபோது தலையை மறந்திருப்பேன். பென்சிலால் எழுவாயையும் முதன்மை வினையையும் கோடிட்டுவிட்டு வாலை வாசிக்கத் தொடங்கியபிறகு வேகம் கூடியது.

இப்போது கட்டுரை. என்னோடு படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், தமிழ்ப் பாடத்தில் கவிதையைக் கொடுத்து 'நயம் எழுதுக' என்பார்கள். ஓசைநயம், சொல்நயம், பொருள்நயம் என்று தலைப்புப் போட்டு, கவிஞர் எவ்வளவு சிறப்பாகப் பாடியிருக்கிறார் என்று புகழ்ந்து முடிப்போம். என் முதல் ஒப்படையும் அப்படித்தான் இருந்தது, ஆங்கிலத்தில். போதாக்குறைக்கு, முன்னுரை எழுதிய அறிஞருடைய வரிகளை மேற்கோள் குறி இல்லாமல் அப்படியே போட்டிருந்தேன். அதை நான் களவென்று நினைக்கவில்லை, மரியாதை என்று நினைத்தேன். ரியூற்றர் சிவப்பில் ஒன்றும் கீறவில்லை. ஓரத்தில் பணிவாக ஒரு கேள்வி மட்டும்: இதில் உங்கள் குரல் எது? புள்ளி 58.

இந்த இடத்தில் ஒரு கவிதையை வைத்து விளக்கினால்தான் விளங்கும். வில்லியம் பிளேக் 1794இல் வெளியிட்ட, லண்டனைப் பற்றிய பதினாறு வரிக் கவிதை. கவிஞர் தெருவில் நடக்கிறார், பக்கத்தில் தேம்ஸ் ஓடுகிறது, எதிர்ப்படும் முகமெல்லாம் துன்பம். இதை மட்டும் எழுதினால் கதைச்சுருக்கம். "பிளேக் லண்டன் மக்களின் வேதனையை அழகாகச் சித்திரிக்கிறார்" என்று எழுதினால் நயம். இரண்டுக்கும் புள்ளி குறைவு.

நான் செய்யப் பழகியது இது. கவிதையைக் கையால் ஒரு கொப்பியில் எழுதுங்கள், தட்டச்சு வேண்டாம். திரும்ப வருகிற சொற்களுக்கு வட்டம் போடுங்கள். முதல் வரியில் தெருவுக்குப் போட்ட 'சார்ட்டர்ட்' (சாசனம் செய்யப்பட்ட) என்ற சொல்லை இரண்டாம் வரியில் ஆற்றுக்கும் போடுகிறார். அதற்கடுத்த இரண்டு வரிகளுக்குள் 'மார்க்' என்ற சொல் மூன்று தரம் வருகிறது: முதலில் கவனிப்பது என்ற வினையாக, பிறகு இரண்டு முறை தழும்பு, அடையாளம் என்ற பெயர்ச்சொல்லாக. அடுத்ததாக அகராதி. யூனிவர்சிற்றி நூலகத்தினூடாக ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி இலவசமாகக் கிடைக்கும். ஒரு சொல் எந்தக் காலத்தில் என்ன பொருளில் புழங்கியது என்று நூற்றாண்டு நூற்றாண்டாகச் சொல்லும். (கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போன கதையும் அதில் இருக்கிறது. நான் ஒரு இரவை அதிலேயே வீணாக்கினேன்.) சாசனம் என்பது அரசர் எழுதிக் கொடுக்கும் உரிமைப் பத்திரம். கிழக்கிந்தியக் கம்பனிக்கு 1600இல் கிடைத்ததும் அப்படி ஒன்றுதான். தெருவை யாருக்காவது எழுதிக் கொடுக்கலாம். ஓடுகிற தண்ணீரை?

இந்தக் கேள்வி உங்களுக்குள் வந்துவிட்டால் கட்டுரை தொடங்கிவிட்டது. "தெருவுக்குப் போட்ட சொல்லையே ஆற்றுக்கும் போடுவதால், எவருக்கும் சொந்தமாக முடியாததும் இந்த நகரத்தில் எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது என்கிறார் பிளேக்." இந்த வசனத்தோடு ஒருவர் சண்டை பிடிக்கலாம். சண்டை பிடிக்க இடம் உள்ள வசனம்தான் வேண்டும். ஒவ்வொரு பந்தியின் முதல் வசனத்தையும் தனியே பொறுக்கி வாசித்துப் பாருங்கள். யாராவது "இல்லை" என்று சொல்லக்கூடிய வசனம் ஒன்றுமே இல்லையென்றால், இன்னும் ஒளித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அறிஞர்களைக் கூப்பிடுவது அதற்குப் பிறகுதான், சாட்சியாகவோ எதிர்க்கட்சியாகவோ. கூப்பிட்டால் பெயர், ஆண்டு, பக்க எண் போடவேண்டும். வாசிக்கும்போதே பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளாவிட்டால் கடைசி இரவு அதைத் தேடியே விடிந்துவிடும்.

எங்களுக்கு இன்னொரு தனிக் கஷ்டம் ஓசை. தமிழ் யாப்பு குறில் நெடில் பார்த்து நேர், நிரை என்று அசை பிரிக்கும். ஆங்கிலம் அழுத்தத்தைப் பார்க்கும். எங்கள் காதுக்கு அந்த அழுத்தம் லேசில் விழாது, ஏனென்றால் நாங்கள் எல்லா அசையையும் கிட்டத்தட்ட ஒரே கனத்தில் சொல்பவர்கள். ஷேக்ஸ்பியரின் பதினெட்டாம் சொனெற் (பதினாலு வரிக் கவிதை) முதல் வரியில் பத்து அசை: மெல்லிது, வல்லிது என்று ஐந்து தரம் மாறி மாறி வரும் என்பது பாடநூல் கணக்கு. நான் அதை மேசையில் தட்டித் தட்டிப் பார்த்தேன், வரவில்லை. கடைசியில் என் சின்ன மகளை வாசிக்கச் சொல்லி, அவளுடைய தாடை எப்போது கீழே போகிறது என்று பார்த்து எண்ணினேன். இங்கே பிறந்த பிள்ளை உள்ள வீட்டில் இதற்கு வேறு ஆசிரியர் தேவையில்லை. எதுகை, மோனையை வரியின் தொடக்கத்தில் தேடிப் பழகிய நாங்கள் ஆங்கிலத்தில் கடைசிச் சொல்லைப் பார்க்கவேண்டும். எங்கள் இலக்கணத்தில் அதற்கு இயைபு என்று பெயர். அந்தச் சொனெற்றில் அது ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் பின்னி வந்து, கடைசி இரண்டு வரியில் அடுத்தடுத்து விழும். அங்கே கவிதையின் நியாயமும் திரும்புகிறதா என்று பாருங்கள்.

படைப்பெழுத்துப் பக்கம் வருவோம். கட்டுரையில் வாயைத் திறக்காத நான், கதையில் வாயை மூடவில்லை. முதல் கதை, புலம்பெயர்ந்த ஒரு தாயின் தனிமை. கடைசிப் பந்தியில் தனிமை என்றால் என்ன என்று வாசகருக்கு விளக்கம் வேறு. ரியூற்றர் அந்தப் பந்திக்குப் பக்கத்தில், இதை மூடிவிட்டு வாசித்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். கையால் மறைத்து வாசித்தேன். கதை நல்லாகவே முடிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கதையிலும் கடைசிப் பந்தியைக் கையால் மூடிப் பார்ப்பது என் வழக்கம். பத்தில் ஏழு தரம் அது தேவையில்லாதது.

எழுத விஷயம் இல்லை என்பவர்கள் ஒரு பொருளை எடுங்கள். நான் எடுத்தது ஊரிலிருந்து கொண்டுவந்த பிட்டுக்குழல். அதைப் பற்றி நிறுத்தாமல், திருத்தாமல், பத்து நிமிடம் எழுதவேண்டும் என்பது பயிற்சி. முதல் ஐந்து நிமிடம் வந்ததெல்லாம் ஊர் நினைவு, அம்மா, பனைமரம், யாரும் எழுதக்கூடியவை. ஆறாவது நிமிடத்தில், அந்தக் குழலில் சுற்றிய துணி உண்மையில் என் தம்பியின் பள்ளிக்கூடச் சட்டைக் கையிலிருந்து வெட்டியது என்பது வந்தது. அதுதான் கதை. பத்து நிமிடம் என்று வைத்திருப்பது இதற்காகத்தான் போலிருக்கிறது.

தமிழ்ச் சொற்களை என்ன செய்வது என்பது எங்கள் எல்லோருக்கும் வரும் கேள்வி. நான் முதலில் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சேர்த்தேன். பிட்டு என்று எழுதி, அது அரிசி மாவில் ஆவியில் அவிப்பது என்று வால் கட்டுவேன். வாசிக்கும்போது அம்மா சமைப்பதுபோல் இல்லை, சுற்றுலா வழிகாட்டி கதைப்பதுபோல் இருந்தது. அம்மாவுக்குப் பிட்டு என்றால் என்னவென்று தெரியும், அவள் ஏன் தனக்கே விளக்கம் சொல்கிறாள்? இப்போது ஆவி பறக்கிறது, கை சுடுகிறது, தேங்காய்ப்பூ விழுகிறது, அவ்வளவுதான். நீ, நீங்கள் என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. அதை வேறு வழியில் காட்டவேண்டும்: யார் யாருடைய பெயரைச் சொல்வதில்லை, யார் முன்னால் யார் கதிரையில் இருப்பதில்லை. ஒரு கதையில் மனைவி புருசனை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுகிறாள். மொழிபெயர்த்தால் நாசமாகும். ஆங்கில எழுத்தில் அப்படியே விட்டேன். அடுத்த வசனத்தில் அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கிறார். என்னோடு படித்தவர்களின் குழுவில் ஒருவரும் அர்த்தம் கேட்கவில்லை.

வேறொன்று கேட்டார்கள். எங்களை இலங்கைத் தமிழர் என்று தெரிந்தால் யுத்தம் எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் காத்திருப்பார்கள். எழுத வந்தால் எழுதுங்கள். எதிர்பார்க்கிறார்கள் என்பதற்காக எழுதாதீர்கள். நான் இரவு வேலையை எழுதினேன். விடியப்புறம் மூன்று மணிக்கு, கடைசி பஸ் போய்விட்டதா என்று கேட்கும் ஒரு வயோதிபர். பஸ் வரும் என்று சொல்வதா, வராது என்று சொல்வதா என்று நிற்கும் ஒரு பணியாளர். இங்கே ஒரு எச்சரிக்கை: பராமரிப்பு வேலையில் இருப்பவர்கள் உண்மையான ஆட்களை எழுதக்கூடாது. என் வயோதிபர் மூன்று பேரிலிருந்தும் என் பெரியப்பாவிலிருந்தும் சேர்த்துச் செய்தவர். அறை, நோய், ஊர் எல்லாவற்றையும் மாற்றினேன். மாற்றியபிறகுதான் அவர் ஒரு பாத்திரமாகவும் ஆனார்.

கதையோடு ஒரு சிறிய குறிப்புரையும் கொடுக்கவேண்டும், இதை எப்படி எழுதினேன் என்று. இதில்தான் கனபேர் வீணாகப் புள்ளி இழக்கிறார்கள். கதையைத் திரும்பச் சொல்லாதீர்கள். எடுத்த முடிவுகளைச் சொல்லுங்கள்: முதலில் 'நான்' என்று எழுதினேன், பணியாளருக்குத் தெரியாததை வாசகர் தெரிந்துகொள்ள வழியில்லாமல் போனது, அதனால் படர்க்கைக்கு மாற்றினேன், அதில் இன்ன நன்மை, இன்ன நட்டம். இதற்குப் பழைய பிரதிகள் தேவை. ஒரே ஃபைலைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் முதற்பிரதி அழிந்துவிடும். ஒவ்வொரு நாளும் திகதியைப் பெயராகப் போட்டுப் புதிதாகச் சேமியுங்கள்.

முன்னே சொன்ன பிளேக்கின் கதையில் மிச்சம் ஒன்று இருக்கிறது. அவருடைய கையெழுத்துக் கொப்பி பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அதில் அந்தக் கவிதையின் முதற்பிரதியில் தெருவுக்கும் தேம்ஸுக்கும் அவர் போட்டிருந்த சொல் 'ஊத்தை' என்பது. ஊத்தைத் தெரு, ஊத்தை ஆறு. கண்ணுக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறார், பிறகு அதை எடுத்துவிட்டு 'சார்ட்டர்ட்' என்று மாற்றியிருக்கிறார். இலக்கியப் பாடத்தில் நான் மூன்று பந்தி எழுதிய சொல் முதலில் அங்கே இல்லவே இல்லை! அதை அறிந்த அன்றைக்குத்தான் இந்தப் பட்டத்தில் இரண்டு பாடங்களை ஏன் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு என் கதைகளில் வாசிப்பவளாகவும் இருந்து, எங்கெல்லாம் 'ஊத்தை' என்று எழுதியிருக்கிறேன் என்று தேடத் தொடங்கினேன்.

குழுவில் மற்றவர்கள் எழுதியதற்கு நீங்களும் கருத்துச் சொல்லவேண்டி வரும். "நல்லாயிருக்கு" என்று எழுதினால் அவருக்கும் பயனில்லை, உங்களுக்கும் இல்லை. ஒரு வரியை எடுத்துப் போட்டு, இந்த இடத்தில் நான் நின்றேன், ஏனென்றால் இது, என்று எழுதுங்கள். அலுப்பாக இருந்தால், எந்த வரியில் அலுப்புத் தட்டியது என்பதையும் சொல்லுங்கள். எங்கள் சனத்துக்கு முகத்துக்கு நேரே குறை சொல்வது சங்கடம். வரியைக் காட்டினால் சங்கடம் குறைகிறது, ஏனென்றால் கதை ஆளைப் பற்றி இல்லாமல் வரியைப் பற்றியதாகிவிடுகிறது.

லண்டனில் இருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே படிக்காதீர்கள். சவுத்பாங்கில் றோயல் ஃபெஸ்ரிவல் ஹோலின் ஐந்தாம் மாடியில் தேசியக் கவிதை நூலகம் இருக்கிறது, 1953இல் தொடங்கியது, அங்கத்துவம் இலவசம். ஒரு கவிஞர் பத்து வருடத்தில் எப்படி மாறினார் என்று ஒரு பின்னேரத்தில் பார்த்துவிடலாம். குளோப் அரங்கில் முற்றத்தில் நின்று நாடகம் பார்க்கும் ரிக்கெற்தான் மலிவு. மேலே கூரை இல்லை, குடை பிடிக்க விடமாட்டார்கள், மழைச் சட்டை கொண்டுபோங்கள், கால் உளையும். ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தை மூன்று தரம் வாசித்தும் சிரிப்பு வந்த இடங்கள் எனக்குத் தெரியவில்லை. அங்கே சனம் சிரித்தபோதுதான், தொடக்கக் காட்சிகளில் வில்லன் இயாகோ எங்களையும் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறான் என்பது உறைத்தது. அடுத்த ஒப்படையில் அதைத்தான் எழுதினேன். 76.

வயது போய்விட்டது என்று சொல்பவர்களுக்கு நான் அ. சிவானந்தனைக் காட்டுவேன். யாழ்ப்பாணத்துப் பின்னணியோடு லண்டனில் நூலகராக இருந்தவர், தன் முதல் நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டது 1997இல். அப்போது அவருக்கு 73. நான் இன்னும் ஒன்றும் வெளியிடவில்லை, அதற்கு இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறது.

இதைப் படித்து என்ன வேலை எடுக்கலாம் என்று என் மாமி ஆறு வருடமும் கேட்டார். நேரடியாக ஒன்றும் இல்லை. ஆசிரியராவதற்கு அதற்கு மேல் வேறு பயிற்சி வேண்டும். என்னளவில், வேலையிடத்தில் பராமரிப்பு அறிக்கைகளை இப்போது நான்தான் பார்த்துத் திருத்துகிறேன். சம்பளம் கொஞ்சம் கூடியது. வேலைக்காக மட்டும் படிப்பதென்றால் வேறு பட்டம் பாருங்கள், நான் தடுக்கமாட்டேன்.

கடைசியாகப் பட்டமளிப்பு. விருந்தினர் அனுமதிச் சீட்டு எண்ணிக்கையில் வரும், முழுக் குடும்பத்துக்கும் சொல்லிவிட்டு முழிக்காதீர்கள். கவுனும் தோளில் போடும் ஹூட்டும் வாடகைக்கு எடுப்பது. அந்த ஹூட்டின் முன்பக்கத்தில் ஒரு சின்ன வளையம் இருக்கும், அதைச் சட்டைப் பொத்தானில் மாட்டவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் இழுத்துக் கழுத்தை நெரிக்கும். சேலைக்குப் பொத்தான் இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் கைப்பையிலிருந்து ஒரு ஊசி தந்தாள். நீங்கள் இரண்டு கொண்டுபோங்கள். ஒன்று வளையத்தை முந்தானையோடு குத்த, மற்றது உங்களுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு.